சிவனொளிபாத மலைக்குப் போகணுமா? நீலகிரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் சிலோன்காரங்க என்றால் யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும். எங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மா மஸ்கெலியா பக்கம் பிறந்தவர். நான் மூன்று முறை சிவனொளிபாத மலைக்குக் கிளம்பினேன், இரண்டு முறை உச்சியைத் தொட்டேன், ஒரு முறை முட்டாள்தனம் பண்ணித் திரும்பினேன். அதிலிருந்து டீக்கடையில், கல்யாண வீட்டில், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆடம்ஸ் பீக், ஸ்ரீ பாத, சிவனொளிபாத மலை: மூணும் ஒண்ணா, வேற வேறயா?

ஒன்றுதான். இலங்கையின் மத்திய மலைநாட்டில் கூம்பு மாதிரித் தனியாக நிமிர்ந்து நிற்கும் மலை, உயரம் 2,243 மீட்டர். உச்சிப் பாறையில் ஒரு பாதச் சுவடு இருக்கிறது. அது புத்தர் பாதம் என்பது சிங்களர் நம்பிக்கை, அதனால் ஸ்ரீ பாத. சமனல கந்த என்றும் சொல்வார்கள், சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி. நம் ஆட்களுக்கு அது சிவன் பாதம். முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை, அதாவது ஆதம் நபி பூமியில் கால் வைத்த இடம். வெள்ளைக்காரன் அதைத்தான் ஆடம்ஸ் பீக் ஆக்கினான். புனித தோமையார் பாதம் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு.

இலங்கையின் உயரமான மலை இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை, அது நுவரெலியா பக்கத்து பீதுருதாலகால, 2,524 மீட்டர். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் வெறுமனே "மலை" என்றுதான் சொல்வார்கள், உலகத்தில் வேறு மலையே இல்லாத மாதிரி. அதுவும் நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு.

ஊட்டியே 2,240 மீட்டர் இருக்கே. நமக்கு இதெல்லாம் ஒரு மலையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார். உயரக் கணக்கு சரிதான், அந்த மலை உச்சியும் ஊட்டி பஸ் ஸ்டாண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதனால் மூச்சு முட்டுமோ, தலை சுற்றுமோ என்ற பயம் நமக்கு வேண்டாம், அது சமவெளிக்காரர்களுக்கே பெரிதாக வருவதில்லை.

பிரச்சினை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா ஏறினால் 400 மீட்டர் ஏற்றம். இங்கே அடிவாரத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர். பர்லியாறிலிருந்து குன்னூருக்கு பஸ் ஊசி வளைவு ஊசி வளைவாகத் திரும்பி ஏறுகிறதே, கிட்டத்தட்ட அந்த உயரம். அதை 7 கிலோமீட்டருக்குள், காலால், பெரும்பாலும் படியில் ஏற வேண்டும். நாம் மலையில் பிறந்தவர்கள்தான், ஆனால் நம்மில் பாதிப் பேர் இன்றைக்குக் கடைக்குப் போகவே ஸ்கூட்டி எடுக்கிறோம்.

எந்த மாசம் போகணும்?

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும் சீசன். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே விடுமுறை நாள், போயா என்பார்கள், அதை வைத்துத்தான் கணக்கு. சீசன் தொடங்கும்போது இந்த மலையின் காவல் தெய்வமான சமன் சிலையை பெல்மதுளை விகாரையிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து உச்சியில் வைப்பார்கள், முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். அந்த ஐந்து மாதமும் வழி நெடுக விளக்கு எரியும், கடை இருக்கும், ஆள் இருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசி, பிப்ரவரி. வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், இரவில் ஏறுபவருக்கு அது பெரிய தொந்தரவில்லை. ஒரு விஷயம் கவனியுங்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அந்த மலைக்குத் தென்மேற்கு மழைதான் எமன், கூடலூர், பந்தலூர் மாதிரி. அதனால் "மே மாசம் ஸ்கூல் லீவு, ஜூன் முதல் வாரம் போயிட்டு வந்துடலாம்" என்று நம் ஊர்க் கணக்கைப் போடாதீர்கள்.

நீலகிரியிலிருந்து எப்படிப் போறது? கப்பல் மறுபடி விட்டிருக்காங்களாமே?

பெரியவர்கள் கேட்பது ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலை. அவர்கள் வந்த வழி அது. 1980களில் நின்றுபோனது நின்றதுதான். இப்போது இருப்பது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை, 2023 அக்டோபரில் தொடங்கினார்கள், நடுவில் நின்று மறுபடி ஓடியது. கடல் பயணம் நாலு மணி நேரம்தான், ஆனால் இறங்குவது யாழ்ப்பாணத்துக்கு மேலே. அங்கிருந்து மலைநாட்டுக்கு இன்னொரு முழு நாள் ஆகும். யாழ்ப்பாணமும் பார்க்க ஆசை என்றால் சரி, மலைக்கு மட்டும் என்றால் சுற்று.

மலைக்கு மட்டும் போகிறவர் சென்னை, திருச்சி, மதுரை ஏதாவது ஒன்றிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து பதுளை ரயிலில் ஹட்டன். ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ், சீசனில் நிறைய ஓடும். மலை ரயில் என்பதால் நம் மேட்டுப்பாளையம் ரயில் மாதிரிதான், மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள், முதல் நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஈடிஏ என்கிற ஆன்லைன் அனுமதி வேண்டும். அதன் கட்டணமும் விதியும் சமீப வருடங்களில் அடிக்கடி மாறியிருக்கின்றன, டிக்கெட் போடும் அன்றைக்கே இலங்கை அரசின் தளத்தில் நேரடியாகப் பாருங்கள். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் இடைத்தரகர் தளங்களில் மாட்டி என் சித்தப்பா இரட்டிப்பாகக் கட்டினார்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம். அங்கேயும் நம் நேரம்தான்.

நல்லதண்ணியா, டல்ஹவுசியா? மேப்ல ரெண்டு பேரு காட்டுதே.

ஒரே ஊர். டல்ஹவுசி பழைய தோட்டப் பெயர், நல்லதண்ணி நம் சனங்கள் வைத்த பெயர். பஸ்ஸில் இரண்டு பெயரில் எதைச் சொன்னாலும் இறக்கிவிடுவார்கள்.

எத்தனை படி? எவ்வளவு நேரம் ஆகும்?

ஐயாயிரத்து ஐந்நூறு என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், ஏனென்றால் எது படி, எது வெறும் கல் என்று முடிவு செய்வதே கஷ்டம். பழனியில் எழுநூறுக்குள்தான் படி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி ஏமாற்றும். தேயிலைக்கு நடுவில் லேசான ஏற்றம், அலங்கார வளைவு, அப்புறம் ஜப்பானியப் புத்த பிக்குகள் கட்டிய வெள்ளை அமைதிக் கோபுரம், அடுத்து சீத கங்குல என்ற ஓடை. பக்தர்கள் அங்கே முகம் கை கால் கழுவுவார்கள், சிலர் குளிப்பார்கள், அந்தக் குளிரில். இதுவரைக்கும் பேசிக்கொண்டே வரலாம்.

அதற்கப்புறம் பேச்சு நின்றுவிடும். படி செங்குத்தாகும், ஒரு படி அரை அடி என்றால் அடுத்தது முக்கால் அடி, மூன்றாவது தேய்ந்து சரிந்திருக்கும். ஒரே தாளத்தில் கால் வைக்கவே முடியாது, அதுதான் களைப்பு. கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் கம்பி இருக்கும், கையாலும் ஏறுவீர்கள். கூட்டம் இல்லாத நாளில் சாதாரண ஆளுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். இறங்க இரண்டரை. "நான் ஒன்றரை மணி நேரத்தில் ஏறினேன்" என்று சொல்லும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வேற வழி இருக்காமே, ரத்தினபுரி பக்கமா? அது நல்லா இருக்குமா?

இருக்கிறது. ரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழி ஒன்று, குருவிட்ட–எரத்ன வழி ஒன்று. இரண்டும் மேலே ஹெரமிட்டிபான என்ற இடத்தில் சேர்ந்து, கடைசிச் செங்குத்தை ஒன்றாக ஏறுகின்றன. ஹெரமிட்டி என்றால் சிங்களத்தில் ஊன்றுகோல், இடத்தின் பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பக்கத்து அடிவாரம் நல்லதண்ணியைவிட மிகத் தாழ்வு, அதனால் ஏற்றம் ஒன்றரை மடங்குக்கு மேல், தூரமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் காடு அடர்த்தி, மலை முதுகைப் பிடித்து நடக்கும் இடங்கள் உண்டு, கூட்டம் குறைவு.

1344இல் இந்த மலையை ஏறிய இபின் பதூதா அப்போதே இரண்டு வழி என்று எழுதியிருக்கிறார். ஒன்று பாபா வழி, ஒன்று மாமா வழி, அதாவது ஆதம் வழி, ஹவ்வா வழி. மாமா வழி சுலபம், ஆனால் பாபா வழியில் போகாதவன் போனதாகவே கணக்கில்லை என்று அக்கால யாத்திரிகர்கள் நினைத்தார்களாம். பாறையில் தொங்கிய பத்துச் சங்கிலிகளையும் குறிப்பிடுகிறார். என் யோசனை: முதல் தடவை நல்லதண்ணியில் ஏறி நல்லதண்ணியிலேயே இறங்குங்கள். கால் நன்றாக இருப்பவர்கள் இரண்டாவது தடவை இந்தப் பக்கம் ஏறி ரத்தினபுரிப் பக்கம் இறங்கலாம், ஆனால் பையைக் கீழே லாட்ஜில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கினால் திரும்பி வந்து எடுக்க ஒரு நாள் போகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். யோசிக்காத ஒருவரை எனக்குத் தெரியும்.

ராத்திரிதான் ஏறணுமா? பகல்ல போனா என்ன?

சாமி கோபித்துக்கொள்ளாது. இரவில் ஏறுவது சூரிய உதயத்துக்காகவும், வெயிலில் வேகாமல் இருக்கவும். உதயம் சீசனில் ஆறிலிருந்து ஆறரைக்குள். இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். ஆர்வக்கோளாறில் பதினோரு மணிக்கே கிளம்பி மூன்று மணிக்கு மேலே போனால், மூன்று மணி நேரம் ஈரச் சட்டையோடு காற்றில் நடுங்க வேண்டும். முதல் தடவை நான் பண்ணியது அதுதான். நடக்கும்போது வந்த வேர்வை அப்படியே ஐஸ் மாதிரி முதுகில் ஒட்டியது.

பகலில் ஏறினால் சுற்றியிருக்கும் காடு கண்ணில் படும், அது இரவில் கிடைக்காது. உயரம் போகப் போக மரமெல்லாம் குட்டையாகி, பாசி தொங்கி, நம் சோலைக்காட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். தொட்டபெட்டா பக்கம் பார்ப்போமே சிவப்பு ரோடோடென்ட்ரான், அதன் சொந்தக்காரன் அங்கேயும் பூக்கிறது.

குளிருக்கு என்ன எடுத்துக்கணும்? ஷூவா செருப்பா?

ஜனவரியில் ஊட்டியில் காலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போகும்போது என்ன போடுவீர்களோ அதுவே. ஸ்வெட்டர், குல்லா, மப்ளர். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கொழும்புக்காரர்களுக்குத்தான் அந்தச் செலவு. ஆனால் ஏறும்போது போடாதீர்கள், பையில் வையுங்கள், மேலே போய் உலர்ந்த பனியன் மாற்றிவிட்டு அப்புறம் ஸ்வெட்டர். முந்தைய பதிலில் சொன்ன ஐஸ் முதுகு அனுபவத்துக்கு இதுதான் மருந்து.

பிடிப்புள்ள ஷூ நல்லது. சாதாரண ரப்பர் செருப்பில் ஏறும் பாட்டிகளைப் பார்ப்பீர்கள், அவர்களைப் பார்த்து நாமும் முயற்சி பண்ணக் கூடாது. உச்சியில் கோயில் மேடைக்குக் காலணியைக் கழற்ற வேண்டும், கல் குளிர்ந்து கிடக்கும், அதனால் தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக. இறங்கும்போது ஈர சாக்ஸில் ஷூ போட்டால் கொப்புளம் நிச்சயம்.

சாப்பாடு, தண்ணி, பாத்ரூம்? கட்டணம் ஏதாச்சும் உண்டா?

சீசனில் பாதி வழிக்கு மேலும் கடை இருக்கும். பிளேன்டீ, ரொட்டி, சம்பல், வடை, கடலை. மேலே போகப் போக விலையும் ஏறும், தோளில் சுமந்து கொண்டுபோன சரக்கு, பேரம் பேசாதீர்கள். கழிப்பறைகள் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறக் கட்டணம் கிடையாது. அடிவாரத்தில் நன்கொடை நோட்டை நீட்டி, முன்னால் யாரோ பெரிய தொகை எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். விருப்பம் இருந்தால் கொடுங்கள், கொடுக்காமலும் போகலாம். மது, மாமிசம் கொண்டுபோக வேண்டாம். பிளாஸ்டிக்குக்கும் கெடுபிடி உண்டு, யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த காடு அது. நீலகிரிக்காரனுக்குச் சொல்லவே வேண்டாம், எஃகு பாட்டில் எடுங்கள்.

கரடி வருமா? காட்டெருமை?

கோத்தகிரிக்காரர் கேட்கும் முதல் பயம். நம் ஊரில் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடு இலங்கையில் இப்போது இல்லவே இல்லை. கரடி அந்த நாட்டில் உண்டு, ஆனால் கீழே வறண்ட காடுகளில், இந்த மலையில் இல்லை. சிறுத்தை இருக்கிறது, யானையும் சுற்றுக் காட்டில் உண்டு, ஆனால் இரவெல்லாம் விளக்கும் சத்தமுமாக இருக்கும் நல்லதண்ணி வழியில் அவற்றைப் பார்ப்பது அபூர்வம். நம் வீட்டு வாசலில் இரவு ஒன்பது மணிக்குக் கரடி நிற்பதைவிட அந்த வழி பாதுகாப்பு. அட்டை மட்டும் மழை பெய்தால் வரும். அதற்கு என்ன செய்வது என்று தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு. கூட்டிட்டுப் போகலாமா?

வயது பிரச்சினை இல்லை, முட்டிதான் பிரச்சினை. எழுபது தாண்டியவர்கள் வெள்ளைச் சேலையில், கை பிடித்தபடி, பத்துப் படிக்கு ஒரு மூச்சு வாங்கி ஏறிக்கொண்டேயிருப்பார்கள். மேலிருந்து இறங்குபவர்கள் அவர்களைப் பார்த்து "கருணாவ" என்று வாழ்த்திக்கொண்டு போவார்கள். ஆனால் அவர்கள் முந்தின நாள் மாலையே கிளம்பி, கடை பெஞ்சில் படுத்து எழுந்து, மறுநாள் மதியம் இறங்குகிறார்கள். அந்தப் பொறுமை உங்களுக்கும் இருக்க வேண்டும். அம்மாவைக் கூட்டிப் போய்விட்டு "சூரியன் வந்துடும், சீக்கிரம்" என்று விரட்டினால் எல்லோருக்கும் பாவம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். முட்டி போவது இறக்கத்தில். அதனால் இரண்டு மாதம் முன்பே இறங்கிப் பழகுங்கள்: தோட்டத்துக் குறுக்குப் பாதையில் கீழே நடந்து இறங்கி பஸ்ஸில் மேலே வாருங்கள், எல்லோரும் செய்வதற்குத் தலைகீழாக. காட்டுக்குள் போகாதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் அபராதம், கரடி வேறு. மலையில் ஒரு கம்பு வாங்கிக்கொள்ளுங்கள், படியில் நேராக இறங்காமல் சாய்வாக வையுங்கள். முட்டி அறுவை சிகிச்சை ஆனவர், இதய மருந்து சாப்பிடுபவர், டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். சீத கங்குல வரைக்கும் போய்த் திரும்பினாலும் அது யாத்திரைதான், அங்கிருந்தே மலையைக் கும்பிட்டுத் திரும்புபவர்கள் உண்டு.

நான் வெள்ளியங்கிரி மூணு தடவ ஏறியிருக்கேன். அதவிடக் கஷ்டமா?

இல்லை. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி இறங்கி ஏறி, பாறையும் மண்ணுமாக வழி தேட வேண்டும், கடையும் விளக்கும் இந்த அளவுக்கு இல்லை. அதை ஏறியவருக்கு நல்லதண்ணி வழி உடம்புக்குப் புதிதில்லை. ஒரே வித்தியாசம், வெள்ளியங்கிரியில் கால் பல விதமாக வேலை செய்யும், இங்கே ஒரே தசை ஐயாயிரம் தடவை. மூன்று நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். திரும்பும் பயணத்தை மறுநாளே வைக்காதீர்கள், ரயில் பெட்டிப் படி கூட அன்றைக்கு மலைதான்.

பௌர்ணமி அன்னைக்கே போனா விசேஷம்தானே?

விசேஷம்தான், ஏறத்தான் முடியாது. என் இரண்டாவது பயணத்தில் பெரிய மாமா பௌர்ணமிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசி 300 படிக்கு இரண்டு மணி நேரம். சூரியன் நாங்கள் வரிசையில் நிற்கும்போதே எழுந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் முதுகு மட்டும். அதற்கும் முன்னால் ஒரு அம்மா தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றார். குழந்தையின் ஒரு சாக்ஸ் கழன்று விழுந்து, நாலைந்து படி கீழே போய்விட்டது. யாரோ எடுத்தார், அடுத்தவரிடம் கொடுத்தார், அது கை மாறிக் கை மாறி மேலே வந்தது, மாமா கையில் வந்ததும் அவர் அதை உதறி, ஊதி, குழந்தையின் காலில் தானே மாட்டிவிட்டார். அந்த அம்மாவுக்குத் திரும்பிப் பார்க்கக் கூட இடமில்லை.

கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள், சில பௌர்ணமிகளில் வழியில் தன்சல் என்று இலவசச் சாப்பாடும் கிடைக்கும். சூரியன்தான் வேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாதிரி வார நாளில், போயா இல்லாத வாரத்தில்.

மேல என்ன இருக்கு? பாதம் தெரியுமா?

சின்ன மேடை, சின்னக் கோயில், பிக்குகள் தங்கும் கட்டடம், அவ்வளவுதான். பாதச் சுவடு நீளம் 1.8 மீட்டர் அளவு. துணி போர்த்தி, பூவும் காசுமாக இருக்கும், குனிந்து கும்பிட்டு நகர வேண்டியதுதான். படம் எடுக்கக் கூடாது. உண்மையான சுவடு நீலக்கல்லில் பதிந்தது, அதை மறைத்து மேலே இந்தப் பாறையை வைத்தார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு, ரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு கதை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"அப்போ அது யாரோட பாதம்தான்?" என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். முதல் பதிலில் சொன்ன நாலு நம்பிக்கையும் ஒரே வரிசையில் நின்றுதான் ஏறுகின்றன. நிர்வாகம் பௌத்த விகாரையுடையது, அங்கே போய் வாதம் பண்ணுவது நாகரிகமில்லை. மாமா பாதத்தருகே திருநீறு பூசிக்கொண்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மணி அடிக்கணுமாமே?

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். எனக்கு முன்னால் ஒரு தாத்தா அடித்துக்கொண்டே இருந்தார், இருபதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பாதியில் திரும்பியது கணக்கில் சேராது. மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன், "கயிறைத் தொடாதவனுக்கு என்ன மணி" என்று முடித்துவிட்டார்.

சூரியன் வரும்போது எதிர்ப்பக்கம் ஏதோ தெரியும்னாங்க?

மலையின் நிழல். சூரியன் கிழக்கே எழும்போது எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் ஐந்து நிமிடத்தில் மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். மூடுபனி மேலே அளவெடுத்து வெட்டின மாதிரி ஒரு முக்கோணம் படுத்திருக்கும், சூரியன் ஏற ஏறச் சுருங்கி உங்கள் காலடிக்கே வந்து மறையும். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று நினைப்போம். அது மட்டும் இல்லை, நீளமான நிழலின் இரண்டு ஓரமும் தூரத்தில் குவிவது போலக் கண்ணுக்குத் தெரிவதுதான் காரணம், வெலிங்டன் ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் குவியுமே அப்படி. அதனால் வேறு வடிவ மலையில் நின்றாலும் உச்சியிலிருந்து முக்கோணமாகத்தான் தெரியும்.

மேகம் மூடிவிட்டால் இது எதுவும் கிடையாது, வெள்ளையாக ஒரு சுவர் மட்டும். முதல் தடவை எனக்குச் சுவர்தான். முடிந்தால் நல்லதண்ணியில் இரண்டு இரவு போடுங்கள், முதல் நாள் வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

சீசன் இல்லாதப்போ போனா கூட்டமே இருக்காதே, அது நல்லதில்லையா?

என் முட்டாள்தனம் இதுதான். ஜூலையில் மலிவாக டிக்கெட் கிடைத்தது, போய்விட்டேன். விளக்கு இல்லை, கடை இல்லை, படி படியாகத் தண்ணீர் இறங்கி வருகிறது, ஏறுவது படியா ஓடையா என்று தெரியவில்லை. சீத கங்குல தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டார்ச் நனைந்து செத்தது. போன் வெளிச்சத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். கீழே வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் முழுக்க ரத்தம், அட்டை எண்ண முடியவில்லை. லாட்ஜ் அம்மா உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த ஊருப்பா?" என்றார். நீலகிரி என்றேன். "மலை தெரிஞ்ச ஆளுதானே" என்றார். அதற்கு மேல் அவர் திட்ட வேண்டியிருக்கவில்லை.

கட்டாயம் போக வேண்டும் என்றால் பகலில், உள்ளூர் ஆள் ஒருவரோடு, மழை விட்ட நாளில்.

சிங்களம் தெரியாதே, சமாளிக்க முடியுமா?

ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி எல்லாம் தமிழ்தான். டீக்கடையில், பஸ்ஸில், லாட்ஜில் தாராளமாகத் தமிழில் பேசலாம். பேச்சு நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சு மாதிரியே இருக்கும், லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கங்காணி (மேற்பார்வை ஆள்), கொழுந்து எல்லாம் அப்படியே காதில் விழும். ரத்தினபுரிப் பக்கம் இறங்கினால்தான் சிங்களம் தேவைப்படும்.

எங்க தாத்தா வேலை செஞ்ச தோட்டம் அந்தப் பக்கம்தானாம். மலையோட சேர்த்து அதையும் பார்க்க முடியுமா?

உண்மையைச் சொன்னால், என்னிடம் மலையைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். பார்க்கலாம், ஆனால் தோட்டத்தின் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். ஒரே தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று, அதற்குள் டிவிஷனுக்குத் தனிப் பெயர். தகரப் பெட்டியில் இருக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் அப்போது கொடுத்த அட்டைகளையும் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்: பக்கத்தில் என்ன கோயில், எந்த ஆறு, எந்த ஃபேக்டரி.

சிலருக்கு இடமே இருக்காது. மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது, வறண்ட மாதங்களில் நீர் இறங்கினால் பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரியும். அந்தப் பௌர்ணமி அன்றைக்கு எட்டு மணிக்கு மேல்தான் மேகம் விலகியது. கீழே நீர்த்தேக்கம் தகடு மாதிரிக் கிடந்தது. மாமா கம்பால் காட்டி, "தண்ணிக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது மடிப்பு, அங்கதான் நம்ம லயம். சீசன் வந்துட்டா ராத்திரி வாசல்ல உட்கார்ந்து இந்த விளக்கு வரிசையைப் பார்த்துட்டு இருப்போம், உங்க அம்மா எண்ணுவா" என்றார். கோத்தகிரியில் ஐம்பது வருடம் இருந்தும் அவர் இதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

மறுநாள் அந்த லயத்துக்குப் போனோம். நீங்களும் போனால் முதலில் தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டுப் போங்கள், அது கம்பெனி நிலம். லயத்தில் இப்போது வேறு குடும்பங்கள் இருக்கின்றன, எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், வாசலில் நின்று கூப்பிடுங்கள். காலையில் கொழுந்து எடுக்கப் போயிருப்பார்கள், நாலு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருக்கும். கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றால் ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட் போதும், விமானத்தில் நொறுங்காமல் டப்பாவில் வையுங்கள். டீத்தூள் கொண்டுபோகாதீர்கள். மாமா கொண்டுபோனார், அதில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவர்கள் தூளிலேயே எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள்.